துறந்த இசை
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், செஞ்சியில் ஆற்றப்பெற்ற உரை)



இராசகிரியின் அடிவாரத்தில் கூடி இசையைப் பற்றிப் பேசுவது பொருத்தமுடையது. செஞ்சி என்றவுடன் தமிழர் நாவில் வரும் பெயர் தேசிங்கு. மராத்திய மன்னர் இராசாராம் இக்கோட்டையில் இருந்துகொண்டு மொகலாயர் முற்றுகையை ஏறத்தாழ எட்டாண்டுகள், 1698 வரை, தாங்கி நின்றார். தேசிங்கு இங்கே அதிகாரம் செலுத்தியதோ ஓராண்டுக்கும் குறைவு. 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது, இருபத்திரண்டு வயதளவில் அவன் மாண்டான். வரலாற்று நூல்களில் இராசாராமுக்குப் பல பக்கங்கள் உண்டு. தேசிங்குக்குச் சில பத்திகளே. ஆயினும் ஊர் அவனையே நினைவில் வைத்தது. அவனுக்குக் கதைப்பாடல் கிடைத்தது என்பதே காரணம். திருமணப் பந்தலிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போருக்கு வந்த மகமத்கானும், நீலவேணி என்னும் குதிரையும் அந்தப் பாட்டிலேதான் வாழ்கிறார்கள். 1960இல் அது திரைப்படமாகவும் வந்தது. கோட்டைக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சான்று 2025இல்தான் வந்தது. பாட்டு அதற்கு முன்பே தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

ஒருவர் வாழ்க்கையைப் பிறர் பாட்டாக்குவது ஒரு வகை. ஒருவர் தம் வாழ்க்கையைத் தமக்குப் பிடித்த பாட்டுகளின் வழியே தாமே சொல்லிப் பார்ப்பது இன்னொரு வகை. இவ்வுரையின் பொருள் இரண்டாவது.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பிரிட்டிஷ் வானொலியில் உண்டு. ராய் பிளம்லி என்பவர் கற்பனை செய்த நிகழ்ச்சி அது. 1942ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் தொடங்கியது. ஆளில்லாத் தீவு ஒன்றில் தனியே ஒதுங்க நேர்ந்தால் எந்த எட்டு இசைத்தட்டுகளை உடன் கொண்டு செல்வீர்கள் என்று புகழ்பெற்ற ஒருவரைக் கேட்பார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, இசை ஒலிக்க, இடையிடையே வாழ்க்கை வெளிவரும். பிளம்லி 1985இல் மறையும் வரை தாமே அதை நடத்தினார். அவருக்குப் பின்னும் நிகழ்ச்சி நிற்கவில்லை. அதன் நுட்பம் கேள்வியில் இருக்கிறது. உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்றால் மனிதர் எச்சரிக்கை அடைந்து, விருதுகளையும் பதவிகளையும் அடுக்குவார். பிடித்த பாட்டைச் சொல்லுங்கள் என்றால் காவல் தளர்ந்து, தாய் வந்துவிடுவாள். இறந்த தம்பி வந்துவிடுவான். எல்லோருக்கும் தளரும் என்றும் சொல்வதற்கில்லை. 1958இல் அந்நிகழ்ச்சிக்கு வந்த பாடகி எலிசபெத் சுவார்ஸ்காஃப், எட்டில் ஏழு தட்டுகள் தாம் பாடியவையாகவே தேர்ந்தெடுத்தார்! கவியரங்குகளில் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இங்கே வானொலி வேறு வழியில் சென்றது. 1957இல் தொடங்கிய விவித் பாரதியில் திரைக் கலைஞர்கள் படைவீரர்களுக்காகப் பாட்டுகளைத் தேர்ந்து வழங்கியதுண்டு. ஆனால் தமிழர் மனத்தில் ஆழப் பதிந்தது, கேட்பவரே பாட்டைக் கேட்டு வாங்கும் நேயர் விருப்பம்தான். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டின் சிற்றூர்த் தேநீர்க் கடைகளும் கேட்டன. ஒரு பாட்டுக்கு முன்னால் பத்து ஊர்ப் பெயர்கள், முப்பது ஆட்பெயர்கள். அந்தப் பெயர்களில் ஒருவரும் புகழ்பெற்றவர் அல்லர். ஏன் அந்தப் பாட்டு என்று அவர்களை யாரும் கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் எவ்வளவு பெரிய வாழ்க்கை வரலாறு சேர்ந்திருக்கும்!

பிளம்லியின் தீவு ஒலிபரப்பான அதே காலத்தில், சென்னையில் ஒரு முதியவர் தம் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தார். ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942 ஏப்ரல் 28இல் டாக்டர் உ.வே.சாமிநாதையர் மறைந்தபோது நூல் முற்றுப்பெற்றிருக்கவில்லை. தமிழ்ப் பதிப்பின் கதையாகவே அந்நூலைப் படித்து வருகிறோம் என்பது பொது வழக்கம். ஏடு, செல், பாடபேதம், சிந்தாமணி என்று அதன் பெருமை பேசப்படுகிறது. அந்நூலினுள் இன்னொரு சரித்திரம் ஓடுகிறது. அது இசையின் சரித்திரம். இன்னும் சரியாகச் சொன்னால், கைவிட்ட இசையின் சரித்திரம்.

நூலின் தொடக்கத்தைப் பாருங்கள். தம் குழந்தைப் பருவத்துக்கு வருவதற்கு முன்பே ஐயர் அவர்கள் கனம் கிருஷ்ணையருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கிவிடுகிறார். கனமார்க்கம் என்னும் அரிய பாடுமுறையைப் பயின்று, அப்பெயரையே அடைமொழியாகப் பெற்றவர். உடையார்பாளையம் சமஸ்தானத்தில் விளங்கியவர். ஐயரின் குடும்பத்துக்கு உறவினர். ஐயரின் தந்தையார் வேங்கடசுப்பையர் அவரிடம் குருகுலவாசமாக இருந்து இசை பயின்றார். பின்னர் இராமாயணப் பிரசங்கமும் சங்கீதமும் செய்து குடும்பத்தை நடத்தினார். தமக்குக் கிடைத்த செல்வத்தை மகனுக்கு விட்டுச் செல்லத் தந்தை விரும்புவது இயல்பு. அந்த வீட்டில் இருந்த செல்வம் பாட்டு ஒன்றே.

மகனின் மனம் தமிழில் சென்றது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். அதே மாயூரத்தில் அப்போது வாழ்ந்திருந்தவர் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். தந்தையார் விட்டுவிடுவாரா? தமிழுக்குப் பிள்ளையவர்கள், இசைக்குப் பாரதியார் என்று ஏற்பாடாயிற்று. பதினாறு பதினேழு வயது இளைஞனுக்கு ஒரே ஊரில் இரு பெரும் ஆசான்கள்! அப்படி ஒரு பேறு வேறு எவருக்கு வாய்த்திருக்கும்?

அது நீடிக்கவில்லை. செய்தி பிள்ளையவர்களுக்கு எட்டியது. இசையில் மிகுந்த பழக்கம் வைத்துக்கொண்டால் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஆழ்ந்து செல்லாது என்பது அவருடைய கொள்கை. அதைச் சொன்னார். மாணவர் மறுமொழி கூறவில்லை. பாரதியாரிடம் சென்று பயில்வதை நிறுத்திவிட்டார். இந்நிகழ்ச்சியை ஐயர் அவர்கள் எழுதும் முறை கவனிக்கத்தக்கது. ஆசிரியர்மீது குறை இல்லை, தம்மீது இரக்கம் இல்லை. சில வரிகளில் சொல்லி மேலே சென்றுவிடுகிறார். ஏறக்குறைய எழுபதாண்டுக்குப் பிறகும் நினைவிலிருந்து எடுத்து எழுதத் தோன்றியதே, அதில் இருக்கிறது அதன் கனம்.

பிள்ளையவர்களைக் கல்நெஞ்சராக எண்ணிவிடக் கூடாது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்த வேறொரு செய்தியையும் ஐயர் அவர்களே எழுதி வைத்திருக்கிறார். பாரதியார் தம் நந்தன் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பிள்ளையவர்களை நாடினார். நூலில் இலக்கணப் பிழைகள் மலிந்திருப்பது கண்டு பிள்ளையவர்கள் பாயிரம் தராமல் காலம் கடத்தினார். பாரதியாரும் சலிக்காமல் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் காத்திருந்த வேளையில், தமக்குத் தாமே அக்கீர்த்தனைகளில் ஒன்றைப் பாடலானார். உள்ளிருந்து கேட்ட பிள்ளையவர்களின் கண்களில் நீர் பெருகிற்று. வெளியே வந்தார், பாயிரம் தந்தார். பிழை பிழையாகவே இருந்தது. அதைத் தாண்டிச் சென்ற ஒன்றை அந்தப் பேரிலக்கணப் புலவரின் நெஞ்சு அறிந்துகொண்டது. யாப்புப் பிழையைக் கண்டவுடன் கவிதையை மூடிவைக்கும் நண்பர்கள் வட்டத்தில் உண்டு, அவர்கள் கவனத்துக்கு.

இசையின் வலிமையை இவ்வளவு அறிந்தவர் ஏன் மாணவனைத் தடுத்தார்? அறிந்திருந்ததனாலேயே தடுத்தார் எனலாம். கண்ணீர் வரவழைக்கும் பொருளின் பக்கத்தில் நன்னூலும் காரிகையும் எத்தனை நாள் நிற்கும்? அம்மாணவன் பாரதியாரிடம் தொடர்ந்திருந்தால் தமிழுக்கு நல்ல பாடகர் ஒருவர் கூடியிருப்பார். சிந்தாமணி 1887இல் அச்சேறியிருக்குமா என்பது ஐயமே.

விட்டது விட்டதோடு போகவில்லை என்பதுதான் இக்கதையின் சுவை. 1892இல் ஐயர் அவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். அரங்கேற்று காதை உரையில் இசைத் தமிழின் பண், பாலை, யாழ், குழல் ஆகிய இலக்கணங்கள் செறிந்துகிடக்கின்றன. அந்த அச்சுப்பிரதி வெளிவந்த பின்பே பழந்தமிழிசை ஆராய்ச்சி காலூன்றியது. தஞ்சையில் மருத்துவராயிருந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். ஈழத்து விபுலானந்த அடிகள் அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு யாழ்நூல் இயற்றினார். 1947 சூனில் அந்நூல் அரங்கேறிய அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். தம் குரலுக்கென மாயூரத்தில் பெறவிருந்ததை இழந்தவர், இரண்டு தலைமுறைக்கு வேண்டிய இசைநூலை ஏட்டிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஈடாகுமா என்று கேட்டால், கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

முதுமையில் அவர் எழுதிய உரைநடை நூல்களைப் பார்த்தால் விடை ஓரளவு தெரியும். பிள்ளையவர்களின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதினார், அது கடமை. கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர் ஆகிய மூவருக்கும் தனித்தனியே வரலாறு எழுதினாரே, அது என்ன? கேட்டவர் யார்? தந்தையின் குரு ஒருவர். தாம் பாதியில் விட்ட குரு ஒருவர். திருவாவடுதுறைத் தொடர்பால் கேட்டு மகிழ்ந்த பெரும்பாடகர் ஒருவர். ஆளில்லாத் தீவுக்கு அவர் கொண்டுசெல்லும் தட்டுகள் எவை என்று எந்த வானொலியும் கேட்கவில்லை. அவர் தாமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பிடித்த பாட்டு வாழ்க்கையை எதிர்பாராத விதத்தில் முடித்துவைப்பதும் உண்டு. 1947இல் காந்தியடிகளின் பிறந்தநாளுக்கு மீராவின் பஜனை ஒன்றை எம்.எஸ். சுப்புலட்சுமி பாடித் தர வேண்டும் என்று தில்லியிலிருந்து வேண்டுகோள் வந்தது. அப்பாட்டு தமக்குப் பழக்கமில்லை, வேறு எவரேனும் பாடலாம் என்று விடை சென்றது. பிறர் பாடுவதைவிடச் சுப்புலட்சுமி அதைப் பேசினாலும் போதும் என்று அடிகள் கருதியதாக மறுமொழி வந்தது. இரவோடு இரவாகச் சென்னை வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு செய்து விமானத்தில் அனுப்பினார்கள். அக்டோபர் 2ஆம் நாள் அடிகள் அதைக் கேட்டார். அதுவே அவர் கண்ட கடைசிப் பிறந்தநாள். 1948 சனவரி 30இல் அவர் சுடப்பட்ட செய்தியை அறிவித்த வானொலி, தொடர்ந்து அந்தப் பதிவையே ஒலிபரப்பியது. தம் குரலைத் தாமே கேட்டுச் சுப்புலட்சுமி மூர்ச்சையானார் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. அந்த இரவுக்குப் பின் அப்பாட்டு யாருடையது? விரும்பியவருடையதா, பாடியவருடையதா?

இனி, செஞ்சிக்குத் திரும்பலாம். கோட்டையின் அருகிலுள்ள மேலச்சேரி திரௌபதியம்மன் கோயில் அவ்வழிபாட்டின் மூலத்தலமாகக் கருதப்படுவது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாட்டு ஆய்வின் பெயரிலேயே செஞ்சியும் குருக்ஷேத்திரமும் சேர்ந்து நிற்கின்றன. இவ்வட்டாரத்தில் பாரதத் திருவிழா நடக்கும் ஊரில் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், இரவெல்லாம் கூத்து, முகவீணையும் ஆர்மோனியமும் விடியும்வரை ஓயா. படுகளத்தின் காலையில் கிழக்கு வெளுக்கும்போது கூத்தாடியின் குரல் கட்டிப்போயிருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெண்கள் எழுந்து போவார்கள். அங்கே அழுதது திரௌபதிக்காக மட்டுமா?

அந்தப் பெண்களில் ஒருத்தியிடம் எட்டுப் பாட்டுகளைச் சொல்லம்மா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வெட்கப்படுவாள். பிறகு நாற்று நடும்போது பாடியது ஒன்று, பிள்ளையைத் தூங்க வைத்தது ஒன்று, மாமியார் சாவுக்கு ஒப்பாரி வைத்தது ஒன்று என்று தொடங்குவாள். எட்டில் நிற்கமாட்டாள். வட்டம் தன் பதினோராம் ஆண்டில் கவியரங்குகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு மேலச்சேரிக்கும், மகமத்கான் அடக்கமான இடம் என்று ஊரார் காட்டும் நீலாம்பூண்டிக்கும் போய்வரலாம். தேசிங்கு பாட்டை முழுதும் அறிந்த முதியவர் எவரேனும் இருந்தால், பாட்டைப் பதிந்துகொள்வதோடு, அதை யாரிடம், எந்த வயதில், என்ன வேலை செய்துகொண்டே கற்றார் என்பதையும் கேட்டு எழுதிவர வேண்டும்.