கருவியின் பெயரும் அளவையின் மெய்யும்



தமிழ் மன்றங்களில் இலக்கியம் பேசப்பெறும், இலக்கணம் பேசப்பெறும், ஆட்சிமொழியும் கல்விமொழியும் பேசப்பெறும். சுத்தியலும் உளியும் அளவுகோலும் பேசப்பெறுவது அரிது. ஆயினும் ஒரு மொழியின் வாழ்வும் தாழ்வும் ஏட்டில் மட்டும் முடிவாவதில்லை. கை பற்றிய கருவியை வாய் எப்பெயரால் அழைக்கிறதோ, அப்பெயரிலும் முடிவாகின்றன. இன்று வீட்டிற்கும் பட்டறைக்கும் வேண்டிய கைக்கருவிகளையும் அளவைக் கருவிகளையும் தேர்ந்தெடுக்கும் முறையே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் தளர்ந்துவிடுகிறது. வீட்டுக்காரர் காய் நறுக்கும் கத்தியின் முனையால் திருகாணியைத் திருப்புகிறார். கத்தி முனை மடிகிறது. திருகாணியின் தலைப்பள்ளமும் சிதைகிறது. பின்னர்க் கடைக்குச் சென்று 'இசுக்குரூ டிரைவர்' ஒன்று வாங்கி வருகிறார். மறுநாள் அதனால் வண்ணக் குவளையின் மூடியை நெம்புகிறார். அதற்கு மறுநாள் அதன் தலையில் சுத்தியலால் அடித்துச் சுவரைக் குடைகிறார். ஒரு திங்களுக்குள் முனை மழுங்கிப் பிடி பிளந்துபோகிறது. கருவி சரியில்லை என்று கடைக்காரரை ஏசுகிறார். குற்றம் கருவியிலா, கருவியை அறியாமையிலா?

அக்கருவிக்குத் தமிழ்த் தொழிலாளர் இட்ட பெயர் திருப்புளி. திருப்பும் உளி திருப்புளி. நெம்புவதும் இடிப்பதும் அதன் வேலையல்ல என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மரத்தை இழைக்கும் உளி இழைப்புளி. கம்பியை வெட்டும் குறடு வெட்டுக்குறடு. ஆங்கிலேயனுக்கு அவன்மொழிப் பெயரும் இவ்வாறே பணியைச் சொல்லும். ஆனால் தமிழ்ச் சிறுவனுக்கு அப்பெயர் வெற்றொலி. பொருள் விளங்காத ஒலியை மனப்பாடம் செய்தவன் கருவியைப் பார்த்தறிகிறான், பணியால் அறிவதில்லை. எனவே தேர்வின் முதற்படி, எப்பணிக்கு எக்கருவி என்னும் தெளிவேயாகும். பெயர் அத்தெளிவுக்கு வாயில்.

அளவையும் கருவியும் தமிழர்க்கு நேற்று வந்தவை அல்ல. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துத் தொகைமரபில், அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாகும் எழுத்துகள் ஒன்பது என வரையறுக்கின்றார். அளவைப் பெயர்கள் அத்துணை வழக்கில் இருந்தமையாலன்றோ இலக்கணம் அவற்றுக்குத் தனி விதி வகுத்தது? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சி உண்டு. இரு கோல் நட்டு, ஞாயிற்றின் நிழல் ஒருபக்கமும் சாயாத உச்சிப்பொழுதில் திசையறிந்து, நுட்பமாகக் கயிறு பிடித்து வகுத்தனர் என்பதை அப்பாட்டுக் காட்டும். சோழர் கல்வெட்டுகளில் நிலமளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர்.

நூல் என்னும் சொல்லைக் காண்க. மரத்தின் வளைவை நீக்கத் தச்சன் இடும் நூலையே, மாந்தர் உள்ளத்தின் வளைவை நீக்கும் ஏட்டு நூலுக்கு உவமையாகக் காட்டுகிறது நன்னூல். அச்சொல் இன்றும் கட்டட வேலையில் வாழ்கிறது. அங்குலத்தின் எட்டில் ஒருகூறு ஒரு நூல். மூன்று நூல் கம்பி, நான்கு நூல் கம்பி என்று கொத்தர் கேட்பதும் கடைக்காரர் எடுத்துத் தருவதும் அன்றாட வழக்கு. எழுத்தறியாதார் எனப் பிறர் எண்ணும் கைவினைஞர் வாயில் இச்சொல் அழியாமல் நிற்கிறது.

ஆனால் பழம்பெயர் நிலைத்தால் மட்டும் போதாது. அளவும் மெய்யாதல் வேண்டும். ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர். எனவே ஒரு நூல் 3.175 மி.மீ. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 முதல் மீட்டர் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பட்டறைகளில் இருமுறையும் கலந்தே வழங்குகின்றன. இக்கலப்பை அறியாமல் வாங்கும் கருவி பணத்தையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும்.

இதற்கு 'இசுபேனர்' எனப்படும் மரைமுடுக்கியே நல்ல எடுத்துக்காட்டு. அதன்மேல் பொறித்த எண் மரையாணியின் தண்டுப் பருமன் அன்று. அது பற்றும் தலையின் இருபக்க அகலம். 8 மி.மீ. மரையாணிக்குப் பெரும்பாலும் 13 மி.மீ. முடுக்கி பொருந்துவது இதனால்தான். அரை அங்குலத் தலை 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. முடுக்கியை இட்டால் 0.3 மி.மீ. தளர்வு நிற்கும். மெல்லத் திருப்பும்போது அது தெரியாது. துருப்பிடித்த மரையை வலிந்து திருப்பும்போது மூலைகள் மழுங்கும், முடுக்கி நழுவும், விரல் எலும்பு இரும்பில் மோதும். ஆகவே இருமுறைக் கருவிகளையும் வேறுவேறு பையில் வைத்தல் நன்று. இறுகிய மரைக்குக் கவைவாய் முடுக்கியினும் வளையமுடுக்கி சிறந்தது. கவைவாய் இருபக்கம் மட்டும் பற்ற, வளையம் சுற்றிலும் பற்றும்.

இனிச் சுத்தியல். வீட்டுப் பணிக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையே போதும். தலையின் எடையைவிடப் பிடியின் பொருத்தமே முதலில் நோக்கத்தக்கது. மரப்பிடியாயின் மரத்தின் வரியோட்டம் நெடுக்காகச் செல்லவேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் பிடி முறிந்து தலை பறக்கும். வாங்குமுன் தலையை அசைத்துப் பார்க்க. ஆப்பு இறுகியிருத்தல் வேண்டும். ஒரு சுத்தியலின் முகத்தை மற்றொன்றால் அடித்தலாகாது. இரண்டும் கடினமாக்கப்பெற்ற எஃகு. சில்லுத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். இரும்பு வெட்டும் உளியின் தலை அடிபட்டுக் காளான்போல் விரிந்திருந்தால், அதை அரைத்து நேராக்கிய பின்னரே அடிக்கவேண்டும். மரப்பிடி உளிக்கு இரும்புச் சுத்தியல் பகை, கொட்டாப்புளியே துணை.

அரம்பத்தில் பல்லை நோக்குக. மரத்தின் நெடுக்கே அறுக்கும் பல் சிற்றுளிபோல் இருக்கும்; குறுக்கே அறுக்கும் பல் கத்திமுனைபோல் சாய்த்துத் தீட்டப்பெற்றிருக்கும். ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் வாங்கினால் மரம் சிதையும், தோளும் நோகும். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமும் சாய்ந்திருத்தல் குறையன்று. அச்சாய்வினாலேயே அறுதடம் தகட்டினும் அகன்று, அரம்பம் சிக்காமல் ஓடுகிறது. இரும்பறுக்கும் அரம்பத் தகடுகளில் அங்குலத்திற்கு 18, 24, 32 எனப் பற்கள் வேறுபடும். அறுக்கும் பொருளின் தடிப்பின்மீது எப்பொழுதும் குறைந்தது மூன்று பற்கள் தங்குதல் வேண்டும் என்பது தொழில் நெறி. மெல்லிய குழாய்க்கு 32 பல். தடித்த கம்பிக்கு 18 பல். பல்லின் முனை முன்னோக்கி இருக்குமாறு தகட்டை மாட்டுக.

மின்பணிக்குரிய குறடுபற்றி ஓர் எச்சரிக்கை. பிடியில் வண்ண நெகிழி உறை இருப்பதாலேயே அது மின்காப்புடைய கருவி ஆகிவிடாது. கைக்கு வழுக்காமைக்காக இட்ட உறையும் உண்டு. மின்காப்புக்கென ஆய்ந்து விடுக்கப்பெற்ற கருவியில் 1000 வோல்ட்டு என்னும் குறிப்பும் இரட்டை முக்கோண முத்திரையும் பொறிக்கப்பெற்றிருக்கும். அதனை வாங்கிய பின்னும், மின்னிணைப்பைத் துண்டித்தே பணியைத் தொடங்குக. உறையில் கீறல் விழுந்தால் அக்கருவியை மின்பணியினின்று விலக்கிவிடுக. சிலநூறு உருவா மிச்சம் பிடிக்கச் சென்று உயிரை விலையாகக் கொடுத்தலாகாது.

அளவைக் கருவிகளுக்கு வருவோர் ஓர் உண்மையை உள்ளத்தில் இருத்துக. கைக்கருவி கெட்டால் கண்ணுக்குத் தெரியும். அளவைக் கருவி கெட்டால் தெரியாது. அது அமைதியாகப் பொய் சொல்லும். அப்பொய்யை நம்பி அறுத்த மரம் வீணாகும். கட்டிய சுவர் சாயும். எனவே அளவைக் கருவியை விலையால் மதிப்பதைவிட ஆய்வால் மதித்தலே அறிவுடைமை. அந்த ஆய்வுக்கு எழுதுகோலும் ஒரு பலகையும் போதும்.

மூலைமட்டத்தைப் பலகையின் நேர்விளிம்பில் பொருத்தி ஒரு கோடு கிழிக்க. பின்பு மட்டத்தைப் புரட்டிப்போட்டு அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு கிழிக்க. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் மட்டம் மெய்யானது. விலகினால், அவ்விலகலில் பாதியே மட்டத்தின் பிழை. கொத்தர் இரசமட்டம் என்று சொல்லும் குமிழ்மட்டத்தையும் இவ்வாறே ஆய்க. ஓரிடத்தில் வைத்துக் குமிழ் நிற்குமிடம் குறித்து, தலைகடை மாற்றி அதே இடத்தில் வைக்க. குமிழ் அதே பக்கம் அதே அளவு நின்றால் மட்டம் சரி, சாய்வு தளத்தினுடையது. குமிழ் மறுபக்கம் ஓடினால் மட்டமே பிழையுடையது.

அளவுநாடாவின் முனைக் கொக்கி ஆடுவதைக் கண்டு பழுதென்று அடித்து இறுக்குவோர் உளர். அது பழுதன்று. கொக்கியை வெளிவிளிம்பில் மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்டி அளக்கும்போதும் ஒரே அளவு கிடைப்பதற்காக, கொக்கியின் தடிப்பளவே அது நகருமாறு அமைத்துள்ளனர். கொக்கி வளைந்திருந்தால் மட்டும் ஐயுறுக. வீட்டுக்கு 5 மீட்டர் நாடாவும் 30 செ.மீ. எஃகு அளவுகோலும் போதும். ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நாடாவால் அளப்பது பல பிழைகளைத் தவிர்க்கும்.

விலை மிகுந்ததே சிறந்தது என்பதும் மயக்கமே. இரு சுவர்களில் ஒரே மட்டம் குறிக்க, நீர் நிறைத்த தெளிகுழாயினும் எளிய கருவி இல்லை. உள்ளே காற்றுக் குமிழ் தங்காமல் பார்த்துக்கொண்டால் நீர் பொய் சொல்லாது. தூக்குக்குண்டும் அத்தகையதே, நிலத்தின் ஈர்ப்பு நூலை நேராக்குகிறது. அடித்தளத்தில் மூலை செங்கோணமா என்றறியக் கொத்தர் ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்துக் குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பர். கயிறு ஒன்றே அங்குக் கருவி. அறிவே அதன் விலை.

நுண்பணிப் பட்டறைக்கு இவை போதா. 1631இல் பிரெஞ்சு நாட்டு வெர்னியர் வெளியிட்ட இரட்டைக்கோல் முறையில் அமைந்த இடுக்கியளவி, 49 மி.மீ. நீளத்தை 50 கூறாக்கிய துணைக்கோலால் 0.02 மி.மீ. வரை காட்டும். திருகளவி 0.01 மி.மீ. வரை காட்டும். வாய் மூடிய நிலையில் சுழியில் நிற்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்த பின்னரே அளக்கவேண்டும். நுண்ணளவைக்கு உலகம் ஒப்பிய வெப்பநிலை 20 பாகை. 40 பாகை வெயிலில் கிடந்த ஒரு மீட்டர் எஃகுக்கோல் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைய நீண்டுவிடும். தச்சர்க்கு அது பொருட்டன்று. கடைசல் தொழிலாளர்க்கு அது பெரும்பிழை. பணிக்கேற்ற நுட்பமே தேவை. நாற்காலிக்குத் திருகளவி வேண்டா. உருளைத்தண்டுக்கு நாடா உதவாது.

இறுதியாகத் தமிழன்பர்க்கு ஒரு சொல். தமிழ்ப்பெயர் பொறித்த மட்டக் கருவி தமிழுக்குத் தொண்டாகாது. மொழிப்பற்றால் கெட்ட உளியை வாங்குவோர் மொழியையும் நகைப்புக்கு உள்ளாக்குவர். மற்றொன்றும் எண்ணத்தக்கது. எழுதுபலகைமுன் அமர்ந்து புதுச்சொல் புனையும் புலவர், அதே கருவிக்குப் பக்கத்துத் தெருப் பட்டறையில் மூன்று தலைமுறையாக ஒரு சொல் வழங்குவதை அறியாதிருத்தல் நாணத்தக்கது. திருப்புளியையும் இழைப்புளியையும் கொட்டாப்புளியையும் சொல்லாக்கக் குழு தரவில்லை, கைவினைஞர் தந்தனர். முதிய தச்சரும் கொல்லரும் மறையும்போது, ஏட்டில் ஏறாத சொற்களும் அவர்களோடு மறைகின்றன. அவர்தம் மக்களோ பயிற்சி நிலையத்தில் அயற்பெயர்களை உருப்போட்டுத் தந்தையின் சொல்லைப் பழமை என்று ஒதுக்குகின்றனர்.

ஆதலால் தமிழ் கற்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு பட்டறை வாயிலில் நிற்கவேண்டும். கருவியின் படம், அவ்வூர்ப் பெயர், அது செய்யும் பணி ஆகிய மூன்றையும் குறித்து வரவேண்டும். ஊருக்கொரு பெயர் வழங்கினால் எல்லாப் பெயர்களையும் குறிக்கவேண்டும். இல்லாத இடத்தில் மட்டும் புதுச்சொல் படைக்கவேண்டும். வீட்டில் ஒரு சுத்தியல், இரு திருப்புளி, ஒரு குறடு, ஓர் அரம்பம், ஒரு நாடா, ஒரு மூலைமட்டம், ஒரு குமிழ்மட்டம் இருக்கட்டும். அவற்றைச் சிறுவர் கையில் கொடுத்துப் பெயர் சொல்லி, பணி சொல்லி, பிழை ஆயும் முறையும் சொல்லிப் பழக்குக. கையும் சொல்லும் ஒருங்கு கற்ற தலைமுறையிடம் தமிழ் தளராது.

கோல் கோணாதிருக்கட்டும்! சொல் சிதையாதிருக்கட்டும்!

வாழ்க உழைப்பு! வெல்க தமிழ்!