மருந்துச் சரக்கா, இறால் தீவனமா?

(திருத்தணியில் ஆற்றிய உரை)



சுங்க வரி அட்டவணைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று விசைத்தறித் தோழர்கள் கேட்கலாம். துணிக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூலி மாறுவதை நீங்கள் அறிவீர்கள். கப்பலில் வரும் சரக்கின் கதையும் அதுதான். பெயர் மாறினால் வரி மாறும்.

1975-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண் உண்டு. 29-வது அத்தியாயம் ரசாயனப் பொருள்கள். வைட்டமின்களுக்கு 2936, பெனிசிலின் போன்றவற்றுக்கு 2941. அதே மருந்தை மாத்திரையாக அளந்து அடைத்துவிட்டால் 30-வது அத்தியாயம். கோழிக்கும் மாட்டுக்கும் போடும் தீவனம் 23.

1999 ஆகஸ்டில் திலீப்குமார் அண்டு கம்பெனி மும்பையில் வைட்டமின் இ-50 பொடியை இறக்குமதி செய்தது. தீவனத்துக்கான தரம். சாதாரண வரி நூற்றுக்கு 30. ஆனால் இறால் தீவனத்துக்குச் சர்க்கார் சலுகை கொடுத்து 5 ஆக்கியிருந்தது. எங்கள் பொடியும் இறால் தீவனமே என்றது கம்பெனி. ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 30,000 கட்டுவதா, 5,000 கட்டுவதா? சுங்க அதிகாரி மறுத்தார். இது தீவனத்தில் சேர்க்கும் ரசாயனம், தீவனமே அல்ல என்பது இலாகாவின் கட்சி. சோற்றில் போடும் உப்பைச் சோறு என்று சொல்லலாமா? (உவமை நம்முடையது.)

கம்பெனியின் கையில் ஒரு பழைய தீர்ப்பு இருந்தது. 1997-இல் சன் எக்ஸ்போர்ட் வழக்கில் சுப்ரீம் கோர்ட், வரிவிலக்கு உத்தரவில் சந்தேகம் எழுந்தால் அதன் பலன் வரி கட்டுகிறவருக்கே என்று சொல்லியிருந்தது. அதுவும் தீவன வைட்டமின் வழக்குதான்! தீர்ப்பாயம் கம்பெனியின் பக்கம் நின்றது. சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

2018 ஜூலை 30-இல் ஐந்து நீதிபதிகளின் அரசியல் சட்ட பெஞ்சு அந்தப் பழைய தீர்ப்பைத் தள்ளியது. வரி போடும் ஷரத்தில் சந்தேகம் வந்தால் இன்றும் வரி கட்டுகிறவருக்கே சாதகம். ஆனால் சலுகை கேட்கிறவர், அது தமக்குப் பொருந்தும் என்று தாமே ருசுப்படுத்த வேண்டும். சந்தேகம் எழுந்தால் கஜானாவின் பக்கம்.

இது நியாயமான தீர்ப்பு என்பதே நம் கருத்து. சலுகை என்பது பொதுப் பணம். நாம் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கடையில் கட்டும் வரியில் வாதாட இடமுண்டா? வக்கீல் வைத்துக்கொண்டா சோப்பு வாங்குகிறோம்?

ஒன்று மட்டும் வேடிக்கை. அந்தப் பொடி இறால் தீவனமா, இல்லையா என்று அந்த ஐவரும் தீர்மானிக்கவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்டது சட்டக் கேள்வி. வழக்கை உரிய பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் 19 வருஷம் ஓடிவிட்டது!

மருந்துச் சரக்கில் வரியைக் கூட்டினால் நோயாளியின் தலையில் விழும். குறைத்தால் உள்நாட்டு ஆலை நசுங்கும். இந்தச் சிக்கலுக்காகத்தான் 1954-இல் பிம்ப்ரியில் பொதுத்துறைப் பெனிசிலின் ஆலை வந்தது. சோவியத் உதவியுடன் ரிஷிகேசத்திலும் ஹைதராபாத்திலும் மருந்து ஆலைகள் எழுந்தன. அவற்றை வாடவிட்டு, 2020-இல் அதே மூலச் சரக்குகளை இங்கே செய்ய வைப்பதற்காக 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தார்கள்.

ஆகவே தோழர்களே, மருந்துச் சரக்குக்கு வரிச்சலுகை என்று பத்திரிகையில் படித்தால், மாத்திரை அட்டையின் பின்புறம் அச்சடித்த விலையைப் பாருங்கள். அடுத்த மாதமும் வாங்கிப் பாருங்கள். இறங்காவிட்டால் அந்த இரண்டு அட்டைகளையும் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள்.