வண்டிப் பலகையும் வகுப்பறையும்: பாட்ரிக் பியர்ஸின் மொழிப்பணி



பாட்ரிக் பியர்ஸ் என்றதும் அயர்லாந்தில் 1916ஆம் ஆண்டு நிகழ்ந்த விடுதலை எழுச்சியே பலர்க்கும் நினைவுக்கு வரும். வழக்கறிஞராகத் தகுதி பெற்று, எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் மாறிய பியர்ஸைப் பற்றி இன்று பேச விழைகின்றேன்.

அவர் 1879இல் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தையார் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய கற்சிற்பி. வீட்டுமொழி ஆங்கிலம். ஐரிஷ் மொழியை அவர் முயன்று கற்றவர். தம் 16ஆம் வயதிலேயே, அம்மொழியை மீட்க எழுந்த கேலிக் கழகத்தில் உறுப்பினரானார். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அயர்லாந்து மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேரே ஐரிஷ் அறிந்திருந்தனர். அதே ஆண்டில்தான் பியர்ஸ் வழக்கறிஞரானார்.

வழக்கறிஞராக அவர் பெயர் நிலைத்திருப்பது ஒரே வழக்கினால். டொனகல் பகுதியைச் சேர்ந்த நீல் மெக்பிரைட் என்னும் உழவர், தம் வண்டியில் தம் பெயரை ஐரிஷ் மொழியில் எழுதியிருந்தார். உரிமையாளர் பெயர் தெளிவாகப் படிக்கத்தக்க வகையில் வண்டியில் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். ஐரிஷ் எழுத்து அச்சட்டத்தை நிறைவு செய்யாது எனக் கூறி அவருக்குத் தண்டம் விதித்தனர். 1905இல் மேல்முறையீடு டப்ளினுக்கு வந்தபோது, உழவருக்காக வாதிட்டவர்களுள் பியர்ஸும் ஒருவர். வழக்கு தோற்றது. ஒருவன் தன் நாட்டிலே தன் பெயரைத் தன் மொழியில் எழுதுவது குற்றமாயிற்று!

பியர்ஸின் உழைப்பு எழுத்திலும் கல்வியிலும் சென்றது. 1903 முதல் 1909 வரை கேலிக் கழகத்தின் வார இதழுக்கு ஆசிரியராயிருந்தார். ஐரிஷ் உரைநடை 17ஆம் நூற்றாண்டு நடையையே பின்பற்ற வேண்டும் என்று அறிஞர் சிலர் வாதிட்டனர். பியர்ஸோ, கானமாரா சிற்றூர் மக்களின் பேச்சைச் செவிமடுத்து, அதிலிருந்தே தற்காலச் சிறுகதைகளைப் படைத்தார். 'ஈசகான்' என்னும் அவரது தொகுதி 1907இல் வெளிவந்தது. பழங்கதைகளைப் போற்றுவதோடு நின்றுவிடும் மொழி வளராது; இன்றைய வாழ்வைச் சொல்லும் புதிய எழுத்து அதற்கு வேண்டும் என்பது அவர் துணிபு.

1905இல் அவர் பெல்ஜியம் சென்று, பிளெமிஷ், பிரெஞ்சு ஆகிய இருமொழிகளும் பள்ளிகளில் பயிற்றப்படும் முறையை நேரிற் கண்டார். அவ்வனுபவத்தின் பயனாக, 1908இல் டப்ளினில் புனித எண்டா பள்ளியைத் தொடங்கினார். அது இருமொழிப் பள்ளி. அங்கே நாடகமும் விளையாட்டும் தோட்டவேலையும் கல்வியின் பகுதிகளாயின. பள்ளி கடனில் தத்தளித்தபோதும் அவர் அதைக் கைவிடவில்லை. தேர்வையே குறியாகக் கொண்ட அந்நாளையக் கல்விமுறையை, 'கொலை எந்திரம்' என்னும் தலைப்பிலேயே கண்டித்து எழுதினார். ஆசிரியரைக் குறிக்கும் பழைய ஐரிஷ் சொல் வளர்ப்புத் தந்தையையும் குறிக்கும் என்பதை அதில் எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு பிள்ளையின் இயல்பையும் அறிந்து வளர்ப்பதே கல்வி என்பது அதன் சாரம்.

1916 மே 3ஆம் நாள், எழுச்சிக்குத் தலைமை தாங்கியமைக்காக அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 36.

ஆறாண்டுகள் கழிந்து, 1922ஆம் ஆண்டு அரசமைப்பு ஐரிஷைத் தேசிய மொழியாக அறிவித்தது. வண்டிப் பலகையில் மறுக்கப்பட்ட மொழிக்குச் சட்டம் அரியணை தந்தது. ஆயினும், அன்றாடம் அதைப் பேசுவோர் இன்றும் சிறுபான்மையினரே. சட்டம் ஒரு மொழியைத் தடுக்க வல்லது. காக்கவும் ஓரளவு துணை செய்யும். அதனைப் பிள்ளைகளின் நாவில் வாழவைக்கும் பணியோ வீட்டையும் வகுப்பறையையும் எழுதுகோலையும் சார்ந்தது.

ஆசிரியப் பெருமக்களே, நம் மாணவர் இவ்வாண்டு எத்தனை மதிப்பெண் பெற்றனர் என்று கேட்கும் நாம், அவர்கள் தாமாக விரும்பி எத்தனை கதைகள் படித்தனர், எத்தனை எழுதினர் என்றும் கேட்போமாக.