மோட்டார் வண்டியில் ஒலி வளர்ந்த கதை



மோட்டார் வண்டியில் இசை கேட்பதற்கு என்றுமே தடையாய் நின்றது பற்றரிதான். 1930-இல் அமெரிக்காவில் கல்வின் கம்பனியார் ‘மோட்டறோலா’ வானொலியை விற்கத் தொடங்கிய காலத்தில், வால்வுகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட வோல்ற்று வேண்டியிருந்தது. வண்டிப் பற்றரியோ 6 வோல்ற்றே தந்தது. எனவே ‘வைபிரேற்றர்’ என்னும் அதிர்கருவி பின்னர் புகுந்து, மின்னோட்டத்தை வெட்டி வெட்டி உயர்த்திக் கொடுத்தது. 1955-இல் கிறைஸ்லர் வண்டிகளுக்கென வந்த முழுத் திரான்சிஸ்டர் வானொலிக்கு வால்வும் வேண்டியதில்லை, அதிர்கருவியும் வேண்டியதில்லை.

ஆயினும் 12 வோல்ற்றை அப்படியே கொண்டு, 4 ஓம் ஒலிபெருக்கி ஒன்றுக்கு ஏறக்குறைய 20 வாற்றுக்குமேல் ஊட்ட முடியாது. பேச்சுக்கு அது போதும். மிருதங்கத்தின் தொப்பிக்குப் போதாது. தாழ்ந்த சுரத்துக்கு மிகுந்த காற்றை அசைத்தாக வேண்டும். அதற்கெனப் பிறந்த சப்வூபரைச் சிறு பெட்டியில் அடைத்தால், பெட்டி குறுகக் குறுக வாற்று கூடுதலாய்த் தேவைப்படும். ஆகவே தனி அம்பிளிபயர் வந்தது. அதனுள்ளே திரான்சிஸ்டர்கள் மின்னோட்டத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி உயர்த்துகின்றன. பழைய அதிர்கருவிதான் புதுவேடத்தில் வந்ததென்று நாம் சொல்வோம்! பின்வந்த ‘டி’ வகுப்பு அம்பிளிபயர்கள் வெப்பமாய் வீணாகும் சக்தியையும் வெகுவாய்க் குறைத்தன.

இளைஞர்களே, வாங்குமுன் பியூசைப் பாருங்கள். 20 அம்பியர் பியூஸ், 14 வோல்ற்று. பெருக்கினால் 280 வாற்றே உள்ளே செல்லும். பெட்டியில் 1000 என்று அச்சிட்டிருந்தால், மீதி 720 எங்கிருந்து வருமென்று கடைக்காரரையே கேளுங்கள்.