கரோல்பாக் வீட்டு இசை

தில்லியில் வாழ்ந்த தமிழன்பர்களுக்குக் கரோல்பாகை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மத்திய அரசாங்க உத்தியோகத்தை நம்பி ரயிலேறி வந்த நம்மவர் பலருக்கு முதற் புகலிடமாயிருந்த பகுதி அது. அங்கே கஜூர் ரோடில் 16/330 என்ற இலக்கமுள்ள பழைய பங்களாவில் பல்லாண்டுகள் ஒத்திகை நடத்திய இசைக்குழு ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அதன் பெயர் 'இந்தியன் ஓஷன்'.

1990-ஆம் ஆண்டில் கிதார்க் கலைஞர் சுஸ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடவல்ல அசீம் சக்கரவர்த்தியும் இதைத் தோற்றுவித்தனர். மறு ஆண்டு பேஸ் கிதாருடன் ராகுல் ராம் வந்தார். 1994-இல் டிரம்ஸ் வாசிக்க அமித் கிலம் சேர்ந்தார். மேனாட்டு ராக் இசையின் கட்டுக்குள் நாட்டுப்பாடலையும் இந்துஸ்தானி ராகச் சாயலையும் அமைத்தார்கள். ராக் என்றதும் செவியைப் பொத்திக்கொள்ளும் நேயர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். சுஸ்மித்தின் கிதாரில் இரைச்சல் இல்லை. சித்தாரின் நடையே மிகுதி.

ராகுல் ராமின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், நர்மதை அணைகளை எதிர்த்த மக்கள் இயக்கத்தில் ஈடுபட்டார். அந்த நதிக்கு ரேவா என்றும் பெயருண்டு. அதைத் தாயென அழைக்கும் பள்ளத்தாக்கு மக்களின் பாட்டு, 'மா ரேவா' என இக்குழுவின் பாட்டாயிற்று. வீடும் நிலமும் நீரில் மூழ்கும் என்று அஞ்சிய மக்களும் அந்நீரையே தாயென்றார்கள் என்பதை நினைத்துக் கேட்டால், அப்பாட்டின் உற்சாகத்துக்கு அடியில் வேறொன்று ஒலிக்கும்.

2000-இல் வெளிவந்த 'கண்டீசா' இசைத்தட்டின் தலைப்புப் பாட்டு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியாகிய சிரியாக்கில் அமைந்த துதி. அச்சொல்லுக்குப் 'புனிதமான' என்பது பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோர், சொல்லின் பொருளைக் கரை சேர்த்துவிட்டால் கடமை முடிந்ததென எண்ணுவோம். இவர்களோ பொருளைப் பெயர்க்காமல் ஒலியைப் பெயர்த்தார்கள். சிரியாக்கில் ஒரு சொல்லும் அறியாத வடநாட்டு இளைஞர்கள் அதைக் கூடவே பாடினார்கள். எனக்கு இது சற்றே பொறாமையளித்த விஷயம்.

2009 டிசம்பர் 25-ஆம் நாள் அசீம் மாரடைப்பால் காலமானார். சம்மணமிட்டு அமர்ந்து, கை தாளமிட, வாய் பாடிய அந்த ஒருவரின் இடத்துக்கு இருவர் தேவைப்பட்டனர்: பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்குத் துஹீன் சக்கரவர்த்தி. மேடையில் குழுவின் அளவு கூடியும், இழப்பின் அளவு குறையவில்லை. 2010-இல் அந்தக் கரோல்பாக் வீட்டின் விலாசத்தையே பெயராகச் சூட்டி, அசீமின் குரல் அடங்கிய பாடல்களை மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே வழங்கினார்கள்.

2013-இல் சுஸ்மித் சென்னும் விலகினார். நிகில் ராவ் கிதாரை ஏற்றார். தொடங்கிய இருவரும் இல்லாதபோது குழு அதே குழுதானா என்று ரசிகர்கள் வாதிட்டது இயல்பே. என் செவிக்குப் பழைய அமைதி குறைந்துவிட்டது. ஆனால் வீடு மாறியவரை வேற்றாள் என்று சொல்ல, வெளிமாநிலம் வந்து குடியேறிய நமக்கு மனம் வருமா? 2014-இல் வெளிவந்த 'தண்டானு' தொகுப்பில் குமரேஷின் வயலினும் செல்வகணேஷின் கஞ்சிராவும் உடன் ஒலித்தன. 2023-இல் 'தூ ஹை' வந்தது.

புதிதாய்க் கேட்க விரும்புவோர் 'மா ரேவா'விலிருந்து தொடங்கலாம். பிறகு 'கண்டீசா'வுக்கு வாருங்கள். அதைச் சிறிது உரக்க வைத்துக் கேட்பது நல்லது, அண்டை வீட்டார் அனுமதித்தால்.