ரொக்கக்காரர் தலையில் அட்டைச் சுங்கம்

சந்தையில் மூட்டையை இறக்கினால் சுங்கம் கேட்பார்கள். இது நமக்குத் தெரிந்த சங்கதி. சிங்காநல்லூர் மளிகைக் கடையில் ஒருவர் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் அங்கேயும் ஒரு சுங்கம் விழுகிறது. அது நம் கண்ணில் படுவதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

கணக்குப் பார்ப்போம். 1000 ரூபாய்க்குச் சாமான். கார்டுக் கட்டணம் நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் 20 ரூபாய் போயிற்று. அந்த 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கடைக்காரர் கணக்கில் ஏற்றுவார்கள். அந்தச் சாமானில் அவருக்கு லாபமே 50 ரூபாய் என்றால், ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது! கொண்டுபோவது யார்? கார்டு கொடுத்த பாங்கி, மிஷின் வைத்த பாங்கி, விசா, மாஸ்டர்கார்டு போன்ற அமெரிக்கக் கம்பெனிகள்.

கடைக்காரர் என்ன செய்வார்? முடிந்த அளவு விலையில் ஏற்றுவார். கார்டுக்கும் ரொக்கத்துக்கும் ஒரே விலை. சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணிக் கொடுக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளியும், அன்னூர்ப் பக்கம் களையெடுத்துவிட்டு வரும் தாயும் கார்டைத் தொடாமலே அந்தச் சுங்கத்தைக் கட்டுகிறார்கள். கார்டுக்காரருக்கோ பாங்கி 'பாயிண்ட்' என்று பரிசு கொடுக்கிறது. பரிசுக்கான பணத்தில் நம் காசும் இருக்கிறது!

இதற்கு வரம்பு கட்ட முடியாதா? முடியும். 2018 ஜனவரி 1 முதல், ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய் வரை உள்ள கடைகளில், மிஷினில் தேய்க்கும் டெபிட் கார்டுக்கு 0.40 சதவீதத்துக்கு மேல் கட்டணம் கூடாது என்றது ரிசர்வ் பாங்கி. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் கட்டணம் நீக்கப்பட்டது. கிரெடிட் கார்டுக்கு மட்டும் அப்படி ஒரு வரம்பு வரவில்லை. ஐரோப்பிய யூனியனிலோ, சாதாரண வாடிக்கையாளரின் கிரெடிட் கார்டில் அதைக் கொடுத்த பாங்கி எடுக்கும் பங்குக்கு 2015ல் 0.3 சதவீதம் என்று வரம்பு கட்டினார்கள். அமெரிக்காவிலேயே, ரொக்கத்துக்குத் தள்ளுபடி தரும் வியாபாரியைக் கார்டுக் கம்பெனிகள் தடுக்கக் கூடாதென 2010ல் சட்டம் வந்தது.

தோழர்களே! கடைக்காரர் நம் எதிரி அல்ல. வேலைநிறுத்த நாட்களில் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி அளந்தவர் அவர். அந்தக் கடனுக்கு அவர் சுங்கம் கேட்டதில்லை. ஆகவே அவரிடம் சண்டைக்குப் போகாமல், உரிமையோடு கேட்போம்: "அண்ணாச்சி, ரொக்கம் தருகிறோம், கழிவு உண்டா?" அந்தக் கழிவைப் பில்லிலேயே எழுதச் சொல்லுவோம். பில் இல்லாமல் விற்பதற்கு அது சாக்காகக் கூடாது.

ஐந்து ரூபாய் கழிந்தாலும் அது நம் கூலிப் பணம். ஆனால் கழிவு கொடுத்து மட்டும் சிறு கடைக்காரர் தப்ப முடியாது. கிரெடிட் கார்டுக் கட்டணத்துக்கும் வரம்பு கட்டு என்று, கடைக்காரரும் நாமும் ஒரே குரலில் சர்க்காரைக் கேட்போம்!