முட்டை சுமக்கும் தந்தை மீன்கள்
(மீனவர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஏரியில் நீர் நிறைந்துவிட்டது. மீன்பாசிக் குத்தகை பற்றிப் பேசவே உங்களைக் கூட்டினோம். அதற்கு முன், தாயினும் தந்தையே மிகுதியாகப் பிள்ளை பேணும் சில மீனினங்களைப் பற்றிச் சற்றுக் கூற விரும்புகிறோம்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் வாழும் கடற்குதிரையை அறிவீர்கள். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இட்டு விலகிவிடும். அங்கேயே அவை கருவுற்று, குஞ்சுகளாக வெளிப்படுகின்றன. மருந்துக்கென உலர்த்தி ஏற்றுமதி செய்யப்பட்டு வந்த இம்மீனைப் பிடிப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம்.

கடற்கெளுத்தியின் செய்தி இதனினும் வியப்பானது. ஒரு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட பருமனுள்ள, கோலிக்குண்டு போன்ற முட்டைகளை ஆண் மீன் வாய் நிறைய ஏந்திக்கொள்கிறது. அவை பொரித்து, குஞ்சுகள் தாமே இரை தேடும் பருவம் வரும் வரை பல வாரங்கள் தந்தைக்கு ஏறக்குறைய முழுப் பட்டினி! கெண்டையைப் போல் இலட்சக்கணக்கில் முட்டையிடும் வழக்கம் இதற்கில்லை. ஆகவே ஒரு தந்தை வலையிற் பட்டால் குடும்பமே பட்டதாகும். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கருநாடகக் கடற்கரையில் சுருக்குவலைகள் முட்டை சுமந்த ஆண்களைத் திரள் திரளாக அள்ளின. பின்னர் அங்கே கெளுத்திப் பாடு பெரிதும் வீழ்ந்தது.

இனி நம் ஏரிக்கு வருவோம். விரால் முட்டையைச் சுமப்பதில்லை. எனினும் காவலில் குறைந்ததன்று. கரையோரப் புல்லை ஒதுக்கி வட்டமாக இடம் செய்து, அதில் மிதக்கும் முட்டைகளைப் பெரும்பாலும் ஆணே காக்கிறது. ஓரிரு நாளில் பொரித்தபின், செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மூச்சுக்காக நீர்மட்டத்திற்கு வந்து வந்து போகும். அதன் அடியில் பெற்ற மீன் நிற்கும். இதைத் தூண்டிற்காரர் எங்களைவிட நன்கறிவர். சிவந்த திட்டைக் கண்டு அங்கே தவளை கோத்த தூண்டிலை வீசினால், அம்மீன் பசியாலன்று, சினத்தால் பாய்ந்து கவ்வுகிறது. காவல் போனபின் குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்கும் நீர்க்காகமும் முடித்துவிடும். விராலுக்கு நல்ல விலை உண்டென்பதை நாங்கள் மறுக்கவில்லை. அடுத்த ஆண்டு விற்பதற்கும் ஏரியில் விரால் வேண்டுமல்லவா?

குஞ்சுத் திரளோடு நிற்கும் விராலைப் பிடிக்கலாகாது என்று குத்தகை நிபந்தனைகளில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறோம். அதைக் கிராம சபையில் நீங்களே தீர்மானமாக்குங்கள். மேலிருந்து வரும் ஆணைக்கு ஏரிக்கரையில் எவ்வளவு மதிப்பென்பது எங்களுக்குத் தெரியாததன்று. கட்லா, ரோகு குஞ்சு விட்ட குட்டைகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அங்கே விரால் களையே. பிடித்து ஏரியில் விடுங்கள், அல்லது குழம்பு வையுங்கள்.